இழுப்பு எந்தப் பக்கம்? பாறையேற்றத்தில் ஸ்லிங்கும் நங்கூரமும்

மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டிய எவருக்கும் இது தெரிந்திருக்கும். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். ஈரப் போர்வையைப் போட்டதும் சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கயிறு கொஞ்சம் தொய்ந்திருந்தால் அதே ஆணி அதே போர்வையை ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கும். போர்வையின் எடை மாறவில்லை. கயிறு ஆணியை இழுக்கும் திசை மாறியது, திசையோடு இழுப்பின் அளவும் கூடியது. பாறையேற்றத்தில் நங்கூரம் கட்டுவது பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்தத் துணிக்கொடியில் அடங்கிவிடும். மீதியைச் சொல்லப் பாறை வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு மேற்கே, ஹாதர்சேஜ் என்ற ஊருக்கு மேலே, ஸ்டானேஜ் என்ற பாறை விளிம்பு ஓடுகிறது. நீளம் கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். உயரமோ பெரும்பாலான இடங்களில் ஐந்தாறு மாடிக் கட்டடத்தைத் தாண்டாது. கிரிட்ஸ்டோன் எனப்படும் சொரசொரப்பான மணற்பாறை அது. ஒரு காலத்தில் இங்கே ஆலைகளுக்கான அரைகற்களைச் செதுக்கினார்கள். வாங்க ஆளில்லாமல் போன வட்டக் கற்கள் இன்றும் அடிவாரப் புல்லில் கிடக்கின்றன. பாறையில் துளையிட்டு போல்ட் அடிப்பதில்லை என்பது இங்கே எழுதப்படாத சட்டம். ஆகவே ஏறுபவர் தன் பாதுகாப்பைத் தானே சுமந்துகொண்டு போக வேண்டும். இந்த வகை ஏற்றத்துக்குத்தான் டிராட் என்று பெயர்.

ஏறுபவர்கள் இருவர், அவர்களுக்கு நடுவே ஒரு கயிறு. முன்னே போகிறவர் வெடிப்பு கிடைக்கும் இடத்திலெல்லாம் ஓர் உலோகத் துண்டைச் செருகி, அதில் ஒரு காராபினரைக் கோத்து, கயிற்றை மாட்டிக்கொண்டு போவார். காராபினர் என்பது தானாக மூடிக்கொள்ளும் வாயுள்ள வளையக் கொக்கி. கீழே நிற்பவர் கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டு, முன்னவர் விழுந்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக இருப்பார். இந்த வேலைக்கு பிலே என்று பெயர். உச்சியை அடைந்ததும் முன்னவர் தன்னைப் பாறையோடு கட்டிக்கொள்வார். அந்தக் கட்டுதான் நங்கூரம். அதன்பின் அவர் மேலிருந்து பிலே செய்ய, பின்னவர் செருகியவை எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டே ஏறி வருவார். பாறை பழையபடி வெறும் பாறையாகிவிடும்.

செருகும் துண்டுகளில் எளியது நட். இந்தப் பெயர் உவமையாக வந்ததல்ல. முதலில் இடுக்குகளில் தற்செயலாகச் சிக்கியிருந்த கற்களைச் சுற்றிக் கயிற்று வளையம் போட்டார்கள். பிறகு கூழாங்கற்களைப் பையில் எடுத்துப் போய்த் தாங்களே சிக்கவைத்தார்கள். 1950களில் வேல்ஸில் ஸ்னோடன் மலை ரயில் பாதை வழியாகப் பாறைக்கு நடந்துபோனவர்கள், தண்டவாளத்தோரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கி, உள்ளே இருக்கும் மரையை அராவிவிட்டுக் கயிறு கோத்துக்கொண்டார்கள். மரை கயிற்றை அறுத்துவிடும் அல்லவா? பட்டறையில் பிரியாத போல்ட்டும் நட்டும் பாறையேற்றத்தில் எதிர்க்கட்சிகளாக நிற்பது இப்படித்தான் தொடங்கியது. இன்றைய நட், கம்பி கோத்த ஆப்பு வடிவ அலுமினியத் துண்டு. கேம் என்பது அடுத்த தலைமுறை: விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் விரிந்து வெடிப்பைக் கவ்விக்கொள்ளும். 1978இல் கடைக்கு வந்தது.

இனி ஸ்லிங். அகராதியைப் பார்த்தால் கவண் என்று இருக்கும். குருவி விரட்டும் நினைப்பை விட்டுவிடுங்கள். இங்கே ஸ்லிங் என்பது இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த ஒரு நாடா வளையம், அவ்வளவுதான். பனையேறியின் காலில் கிடக்கும் தளைநாரைப் பெரிதாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். 60, 120, 240 சென்டிமீட்டர் என்ற நீளங்களில் கிடைக்கும். 60 என்பது வளையத்தை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். நாடாவின் சுற்றளவு அதைப் போல் இரு மடங்கு. கடையில் தைத்து விற்கும் ஸ்லிங் குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். ஒரு கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 100 கிலோ எடை. அப்படியானால் விரல் அகலம்கூட இல்லாத அந்த நாடாவில் ஒரு காரைத் தொங்கவிடலாம்.

தொங்கவிடலாம், ஆனால் அதன் மேல் விழக் கூடாது. இந்த வித்தியாசம் புரியாமல் ஸ்லிங்கைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஏறும் கயிறு ரப்பர் போல நீளும். விழுகிறவரின் வேகத்தை நீண்டு நீண்டு தின்றுவிடும். ஸ்லிங் நீளாது. அதிலும் டைனீமா என்ற வெள்ளை இழையில் செய்தவை கம்பி மாதிரி. டைனீமாவுக்குச் சாயம் ஏறாது, அதனால் மெல்லிய வெள்ளை நாடாவின் ஓரத்தில் வண்ண நூல் ஓடினால் அது டைனீமா என்று கண்டுகொள்ளலாம். எடை குறைவு, தண்ணீரை உறிஞ்சாது, எல்லோருக்கும் பிடிக்கும். நைலான் தடிப்பு, எடையும் கூட, ஆனால் கொஞ்சமாவது நீளும். டைனீமா வழுக்கும் இழை என்பதால் முடிச்சு நழுவும். ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நைலான் 200 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

நங்கூரத்தோடு ஒரே ஒரு டைனீமா ஸ்லிங்கால் தன்னை இணைத்துக்கொண்டு, நங்கூரத்தைத் தாண்டி மேலே ஏறி நின்று எதையோ எட்டிப் பார்க்கும் ஆளை எந்தப் பாறையிலும் காணலாம். அவர் வழுக்கினால் விழும் தூரம் இரண்டு மீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்த வேகத்தைத் தின்ன நடுவே எதுவும் இல்லை. நடுவில் முடிச்சுப் போட்ட டைனீமா ஸ்லிங், அதன் நீள அளவுக்கு விழுந்தாலே அறுந்துபோவதைச் சோதனைக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள். அதனால் விதி எளிது: ஸ்லிங்கில் கட்டிக்கொண்டு நின்றால் அது எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும்; தொய்வு வரும் அளவுக்கு மேலே ஏறக் கூடாது.

ஏறும்போது ஸ்லிங்கின் முதல் வேலை கயிற்றை நேராக்குவது. வெடிப்புகள் நமக்காக நேர்கோட்டில் அமைவதில்லை. இடது பக்கம் ஒரு நட், மூன்று மீட்டர் மேலே வலது பக்கம் ஒரு கேம் என்று போட்டுக் கயிற்றை அப்படியே மாட்டினால் அது பாம்பு போல வளைந்து வரும். ஒவ்வொரு வளைவிலும் உராய்வு. உச்சிக்கு இரண்டடி கீழே, பிடியே இல்லாத இடத்தில், யாரோ பின்னால் இருந்து இடுப்பைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. முன்னவர் விழும்போது, வளைந்து கிடக்கும் கயிறு நேராகத் துடிக்கும். அப்போது கீழே உள்ள நட்டை வெளிப்புறமாகவும் மேலாகவும் இழுக்கும். நட்டோ கீழ்நோக்கி இழுத்தால் மட்டும் பிடிக்கும்படி செருகப்பட்டது. முதல் நட் பிடுங்க, அடுத்த வளைவு நேராக, அடுத்த நட்டும் பிடுங்க, பையின் ஜிப்பைத் திறப்பது போலக் கீழிருந்து வரிசையாகக் கழன்று வரும். நட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் ஸ்லிங் ஒன்றைத் தொங்கவிட்டால் கயிறு தன் வழியில் நேராக ஓடும். நட் தன் இடத்தில் அசையாமல் இருக்கும்.

நீண்ட ஸ்லிங்குகளை இடுப்பில் தொங்கவிட்டால் கால் மாட்டிக்கொள்ளும். அதற்கு ஓர் அழகான மடிப்பு இருக்கிறது. 60 சென்டிமீட்டர் ஸ்லிங்கின் இரு முனைகளிலும் ஒவ்வொரு காராபினர். ஒரு காராபினரை மற்றொன்றின் உள்ளே நுழைத்து இழுங்கள். கீழே ஒரு வளையம் தொங்கும். நுழைத்த காராபினரை அந்த வளையத்தில் மாட்டுங்கள். மூன்று மடிப்பாகி ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். நீட்ட வேண்டுமா? ஒரு காராபினரில் இருக்கும் மூன்று மடிப்புகளில் ஏதாவது இரண்டைக் கழற்றி, மிஞ்சிய ஒன்றை இழுங்கள்; சிக்கில்லாமல் முழு நீளமும் வந்துவிடும். எந்த இரண்டு என்று யோசிக்கவே வேண்டாம். முதல் தடவை செய்தபோது எனக்கு வித்தை காட்டுவது போல இருந்தது. ஒன்று மட்டும் கவனம்: காராபினர் அசையாமல் இருக்கக் குட்டை நாடாக்களில் போடும் ரப்பர் வளையத்தை இந்த ஸ்லிங்கில் போடவே கூடாது. மடிப்பைக் கழற்றி மாட்டும் குழப்பத்தில், காராபினர் அந்த ரப்பரில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்க நேரலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பாறையில் கொம்பு போல ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தால் உலோகமே வேண்டாம். ஸ்லிங்கை மாலை போல மேலிருந்து போட்டுவிடலாம். போடும் முன் கொம்பை உள்ளங்கையால் தட்டிப் பார்க்க வேண்டும். பானையைத் தட்டி வாங்கிய காது இதற்குப் போதும்; உள்ளே வெறுமையாக ஒலித்தால் அது தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கவில்லை. பருத்த கொம்புக்குக் குட்டை ஸ்லிங் போட்டு இறுக்குவது இன்னொரு தவறு. நாடா பக்கவாட்டில் விரிந்து, துணிக்கொடிக் கணக்கு இங்கேயும் வந்துவிடும். தாராளமாகத் தொங்கும் நீளம் வேண்டும். கொம்பின் ஓரம் கத்தி போல் கூர்மையாக இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இப்போது உச்சி. ஸ்டானேஜின் மேல்தளம் தட்டையானது, காற்று அள்ளிக்கொண்டு போகும். விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பாறைக் கட்டிகளும் அவற்றுக்கிடையே வெடிப்புகளும் இருக்கும். புதிதாக வருபவர் உடனே வெடிப்பைத் தேடுவார். முதலில் விளிம்புக்குப் போய்க் கீழே பார்க்க வேண்டும். பின்னவர் எந்தக் கோட்டில் ஏறி வருகிறார், அவர் கை நழுவினால் கயிறு எந்தப் பக்கம் இழுக்கும்? அந்தக் கோட்டை மனத்தில் பின்னோக்கி நீட்டினால் அது போய்ச் சேரும் பகுதியில்தான் நங்கூரம் அமைய வேண்டும். நங்கூரம், பிலே செய்பவர், ஏறுபவர் மூவரும் ஒரே கோட்டில்.

இதை நான் புத்தகம் போல ஒப்பிப்பேன். ஆனாலும் என் முதல் நங்கூரத்தில் இதைத்தான் தவறவிட்டேன். மூன்று அருமையான வெடிப்புகள் கிடைத்த மகிழ்ச்சியில் அவற்றுக்கு நேராக, ஏறும் கோட்டுக்கு இரண்டு மீட்டர் இடப்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். பின்னே வந்த தோழி கடைசி அடியில் வழுக்கினாள். நங்கூரம் அசையவில்லை. நான்தான் அசைந்தேன், கோட்டுக்கு வரும்வரை கயிறு என்னைப் பாறைமேல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போனது. கிரிட்ஸ்டோன் என்பது உப்புத்தாள். இடுப்பில் ஒரு கை அகலத்துக்குத் தோல் போயிற்று. மேலே வந்தவள் மூன்று நட்டுகளையும் பார்த்துவிட்டு, "கட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்காகக் கட்டியதாகத் தெரியவில்லையே" என்றாள்.

கோடு தெரிந்த பிறகு வெடிப்புகளைத் தேடலாம். நட்டுகளும் கேம்களும்தான் என்றால் மூன்று என்பது பொதுவான கணக்கு. தழுவ முடியாத அளவு பெரிய, அசையாத பாறைக்கட்டி இருந்தால் அதைச் சுற்றி ஒரு ஸ்லிங்கும், துணைக்கு நட்டோ கேமோ இன்னொரு பிடியும் போதும் என்பவர்கள் உண்டு. நட்டுக்குக் கீழ்நோக்கிக் குறுகும் வெடிப்பு வேண்டும். செருகிய பின் இழுப்பு வரும் திசையில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் உட்கார்ந்துகொள்ளும். கேம் அப்படியல்ல. நாம் இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கை அது வெடிப்பின் ஒவ்வொரு சுவரிலும் பக்கவாட்டில் தள்ளும். பாறையோடு சரியாக ஒட்டாத பலகைக் கல்லுக்குப் பின்னால் கேமைச் செருகினால் அது ஜாக்கி வேலை செய்து கல்லையே பெயர்த்துவிடும். மூன்றையும் ஒரே கல்லில் வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. கல் பெயர்ந்தால் மூன்றும் ஒன்றாகப் போகும்.

மூன்று பிடிகள் தயார். அவற்றை ஒன்றாகச் சேர்க்க 240 சென்டிமீட்டர் ஸ்லிங்கோ, ஆறேழு மீட்டர் நீளமுள்ள 7 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை வளையமாக முடிந்ததோ வேண்டும். வளையத்தை மூன்று காராபினர்களிலும் மாட்டுங்கள். இரண்டு பிடிகளுக்கு நடுவே மேலே ஓடும் இழையைக் கீழே இழுங்கள், அடுத்த நடுவிலும் அப்படியே. இப்போது கையில் இரண்டு மடிப்புகள் இருக்கும். அவற்றைக் கீழே ஏற்கெனவே தொங்கும் பகுதியோடு சேர்த்து, இழுப்பு வரும் திசையை நோக்கிப் பிடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய எட்டு முடிச்சோ சாதாரண முடிச்சோ போடுங்கள். முடிச்சுக்குக் கீழே ஒரு கண் உருவாகும். அதில் பூட்டுள்ள காராபினரைப் போட்டுத் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். முடிச்சு இருப்பதால் ஒரு பிடி கழன்றாலும் மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். திடீர்த் தொய்வு வராது.

இங்கேதான் துணிக்கொடி திரும்ப வருகிறது. இரண்டு பிடிகளிலிருந்து வரும் இழைகள் அடுத்தடுத்து, ஏறக்குறைய இணையாக வந்தால் ஆளுக்குப் பாதிச் சுமை. அவற்றுக்கிடையே கோணம் 60 டிகிரி ஆனால் ஒவ்வொன்றிலும் 58 சதவீதம், பெரிய மாற்றமில்லை. 90 டிகிரியில் 71. 120 டிகிரியில் ஒவ்வொரு பிடியும் முழுச் சுமையையும் தாங்குகிறது. பங்கு போட இரண்டு பேரை வைத்து, இருவரிடமும் முழுக் கடனையும் வசூலிப்பது போல. 150 டிகிரியில் கிட்டத்தட்ட இரு மடங்கு. 170 டிகிரியில் ஐந்தரை மடங்குக்கு மேல். அதனால் 60க்குள் வைக்கப் பாருங்கள், 90ஐத் தாண்டாதீர்கள். கோணம் விரிந்தால் மருந்து ஒன்றுதான்: நீளமான ஸ்லிங். கண் கீழே இறங்க இறங்கக் கோணம் சுருங்கும்.

கண்ணால் பார்த்தால் கோணம் சிறிதாகவே தெரிந்து ஏமாற்றும் கட்டு ஒன்றும் உண்டு. இரண்டு பிடிகளிலும் ஸ்லிங்கை நேராகக் கோத்து, கீழ்ப்பக்க இழையில் மட்டும் காராபினரை மாட்டினால் ஒரு முக்கோணம் வரும். மேலே படுக்கையாக ஓடும் இழை இரண்டு பிடிகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். 60 டிகிரியிலேயே ஒவ்வொரு பிடிக்கும் முழுச் சுமை வந்துவிடுகிறது. இழையும் ஒன்றுதான், அறுந்தால் எல்லாம் போயிற்று. அமெரிக்க மரண முக்கோணம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மிகைப்படுத்தப்பட்ட பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டே பிடிகள், இழுப்போ இருபுறமும் ஊசலாடும் என்றால் வேறொரு கட்டு உண்டு. ஸ்லிங்கை இரண்டிலும் மாட்டி, இரண்டு இழைகளில் ஒன்றை அரைச் சுற்று முறுக்கி, அந்த முறுக்கில் உண்டாகும் கண்ணையும் மற்ற இழையையும் சேர்த்துக் காராபினரை மாட்டுவார்கள். காராபினர் இங்குமங்கும் நகர்ந்து சுமையைப் பங்கிடும். அந்த அரைச் சுற்றுதான் உயிர். அதை மறந்துவிட்டால், ஒரு பிடி கழன்றதும் காராபினர் இழையில் வழுக்கி வெளியே வந்துவிடும். முறுக்கு சரியாக இருந்தாலும், ஒரு பிடி கழன்றால் காராபினர் ஸ்லிங்கின் முனைவரை நழுவி மற்றதை வெட்டி இழுக்கும். நழுவும் தூரத்தைக் குறைக்க இரு பக்கமும் முடிச்சுப் போடலாம்.

சுமை சமமாகப் பங்கிடப்படுகிறது என்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். முடிச்சுப் போட்டு நிலைப்படுத்திய கட்டில் இழுப்பு ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தாலே ஒரு பிடி பெரும்பகுதியைத் தாங்கும், மற்றவை வேடிக்கை பார்க்கும். இழைகளின் நீளம் வேறுபட்டால் குட்டையானது குறைவாக நீளும், அதனால் அதிகம் தாங்கும். ஆகவே மூன்று சுமாரான பிடிகளைச் சேர்த்து ஒரு நல்ல நங்கூரம் செய்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் தனியாக நின்று தாங்கும் என்று கையை வைத்துச் சொல்ல முடிய வேண்டும்.

ஸ்டானேஜில் பழகியவர்கள் பலர் நங்கூரத்துக்கு ஸ்லிங்கையே அதிகம் தேடுவதில்லை. ஏறிய கயிறுதான் கையில் இருக்கிறதே? முதல் பிடியில் கயிற்றை மாட்டித் திரும்பி வந்து, ஹார்னஸ் எனப்படும் இடுப்புப் பட்டையில் உள்ள பூட்டுக் காராபினரில் க்ளோவ் ஹிட்ச் முடிச்சுப் போடுவார்கள். பிறகு இரண்டாவது பிடி, அதேபோல. க்ளோவ் ஹிட்ச்சைக் கழற்றாமலே தளர்த்தி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிடிகள் விளிம்பிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இருந்தாலும் கயிறு எட்டும். கயிறு நீளும் தன்மையுடையது என்பதால் திடீர் இழுப்பையும் தாங்கும். விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, எல்லா இழைகளும் முதுகுப் பக்கம் விறைப்பாக இருக்கிறதா என்று ஒருமுறை முன்னால் சாய்ந்து பார்ப்பார்கள். ஒரு பாறைக்கு மேல் இன்னொன்று என்று பல கட்டமாக ஏறும் மலைகளில் மட்டும் இன்னொரு கேள்வி சேரும். அங்கே முன்னவர் உங்களைத் தாண்டி மேலே போய் விழுந்தால் கயிறு உங்களை மேலே தூக்கும். கீழ்நோக்கி மட்டும் பிடிக்கும் நட்டுகள் அப்போது தளர்ந்து உருவிக்கொள்ளலாம். அதனால் மேல்நோக்கிய இழுப்பையும் தாங்கும் பிடி ஒன்று வேண்டும்.

கயிற்றை ஸ்லிங்கின் உள்ளே நேரடியாக ஓடவிடக் கூடாது. எப்போதும் நடுவே ஒரு காராபினர் வேண்டும். இழைமேல் இழை ஓடினால் சூடாகும். ஓடும் கயிற்றின் சூடு முழுவதும் ஸ்லிங்கின் ஒரே இடத்தில் சேரும். ஓர் ஆளைக் கீழே இறக்குவதற்குள் ஸ்லிங் உருகி அறுந்துவிடலாம். வெயிலும் ஸ்லிங்கின் எதிரி. மலையில் முன்பு யாரோ விட்டுப்போன வெளுத்த ஸ்லிங்குகளை நம்பாதீர்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்த வாழைநார் போல மொரமொரக்கும். வாங்கியதும் தேதியை எழுதிவையுங்கள். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை.

இதைப் படித்துவிட்டு நேராக உச்சிக்குப் போய்க் கட்ட வேண்டாம். தரையில், இடுப்பு உயரத்தில் கிடைக்கும் வெடிப்புகளில் நங்கூரம் கட்டி, அதில் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து, இடமும் வலமும் ஆடிப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று குறை சொல்ல வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் கட்டியதைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டார். ஸ்லிங்கின் கண்ணில் விரலை மாட்டி மெதுவாகப் பக்கவாட்டில் இழுப்பார். எந்த இழை தளர்கிறது என்று நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டைப் பிரிக்கும்போது இருவரும் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி வந்த பிறகே கயிற்றைக் கழற்றுங்கள். டைனீமாவில் இறுகிய முடிச்சைப் பிரிக்க நகம் போதாது. முடிச்சை இரு கையாலும் முன்னும் பின்னும் வளைத்து வளைத்துத் தளர்த்த வேண்டும், குளிரில் பத்து நிமிடம்கூட ஆகும். நட் வெளியே வர மறுத்தால், போன வழியிலேயே பின்னோக்கித் தள்ளுங்கள். கம்பியைப் பிடித்து வெளியே இழுக்க இழுக்க அது இன்னும் உள்ளே இறுகும். அதற்கென்றே தட்டையான உலோகக் கொக்கி ஒன்று எல்லோர் இடுப்பிலும் தொங்கும். என் முதல் நங்கூரத்தின் மூன்று நட்டுகளில் இரண்டை அதைக் கொண்டு எடுத்தோம். மூன்றாவதைத் தோழி அரைமணி நேரம் தட்டினாள், நான் அரைமணி நேரம் தட்டினேன். இருட்டத் தொடங்கியதும் விட்டுவிட்டு இறங்கினோம்.